தட்டில் வளர்ந்தது யார்

திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு அந்த அறிக்கை வந்தது. ஒரே ஒரு பக்கம். அதன் மூன்றாவது வரியில், பாலினம் என்ற இடத்தில், ஆண் என்று போட்டிருந்தது.

அவன் முதலில் சிரித்துவிட்டான். எவனோ மாதிரியை மாற்றித் தொலைத்திருக்கிறான், பெரிய பரிசோதனைக் கூடம் என்று பேர்தான், வேலையில் ஒழுங்கு கிடையாது என்று வாய்விட்டே திட்டினான். அவன் அனுப்பியது சிட்டுவின் செல்கள். சிட்டு அவனுடைய அக்கா மகள், எட்டு வயது. கையிலிருந்து கடுகளவு தோல் எடுத்து அதிலிருந்து வளர்த்த செல்கள். அது எப்படி ஆண் ஆகும்?

சிட்டுவுக்கு வந்திருப்பது கோடியில் ஒருவருக்கு வரும் நோய். செல்லுக்குள் சேரும் குப்பையை அள்ளிப் போட ஒரு புரதம் உண்டு. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் அவளுக்கு ஒரே ஓர் எழுத்து தப்பு. அந்தத் தப்பால் செய்முறை கண்ட இடத்தில் வெட்டுப்பட்டு, புரதம் உருவாகவே இல்லை. குப்பை மூளையில் சேர்ந்துகொண்டே போனது. ஐந்து வயதில் வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தவள் ஏழில் சுவரைப் பிடித்து நடந்தாள். எட்டில் சக்கர நாற்காலி. இப்போது வார்த்தைகளும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அவன் வேலை பார்க்கும் ஆய்வகத்தில்தான் அவளுக்கான மருந்து உருவானது. பதினெட்டு எழுத்துள்ள ஒரு சின்னத் துண்டு. தப்பான வெட்டு விழும் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தை மறைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. உலகத்தில் வேறு யாருக்கும் அது உதவாது. சிட்டு ஒருத்திக்காகவே எழுதியது. சொந்தக்காரன் இந்தச் சோதனையைத் தொடக் கூடாது என்று ஆய்வகத் தலைவி, எல்லோருக்கும் மேடம், முதலில் கண்டிப்பாகச் சொன்னார். அவன் நாலு நாள் பின்னாலேயே அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கிக்கொண்டான். ஆய்வகத்தில் அவனுக்கு ஆமை என்று பெயர். சொட்டுச் சொட்டாக உறிஞ்சும் பிப்பெட் ஒன்றை எடுப்பதற்குள் மற்றவர்கள் காப்பி குடித்துவிட்டு வந்துவிடலாம். இந்த ஆமை தப்புப் பண்ணாது என்றுதான் மேடமும் கடைசியில் தலையாட்டினார்.

ஆறு வாரம் மருந்து கொடுத்துப் பார்த்ததில் இல்லாத புரதம் வந்திருந்தது. முழுதாக இல்லை, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. அது போதும் என்றார் நரம்பு டாக்டர். அன்றைக்கு மேடம் கூடக் கைதட்டினார். மருத்துவமனைக் குழு அனுமதி கொடுத்துவிட்டது. வரும் வியாழக்கிழமை காலை சிட்டுவின் முதுகுத்தண்டில் முதல் ஊசி. கோப்பில் ஒரு தாள்தான் பாக்கி: சோதித்த செல்கள் இந்தக் குழந்தையுடையவைதான் என்ற அடையாளச் சான்று. சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு.

அந்தச் சான்றுக்கு அனுப்பிய இடத்தில்தான் ஆண் என்கிறார்கள். அவன் போனைப் போட்டான்.

"மாதிரியை மாத்திட்டீங்க சார், கொஞ்சம் பாருங்க" என்றான்.

எதிர்முனையில் இருந்தவர் நிதானமானவர். "எங்களுக்கும் சந்தேகம் வந்துதான் ரெண்டு தடவை ஓட்டிப் பாத்தோம். ரெண்டு தடவையும் அதேதான். இன்னொண்ணு சொல்லணும். ஒப்பிட்டுப் பாக்கன்னு நீங்க இன்னொரு மாதிரி அனுப்பியிருந்தீங்கல்ல, நல்லா இருக்கிற ஆளோடது? ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு. ஒரே ஆளு."

போனை எப்போது வைத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த இன்னொரு மாதிரி அவனுடையது. நோயாளியின் செல்லோடு ஒப்பிட நோய் இல்லாத செல் வேண்டும் என்றபோது, வேறு ஆளைத் தேடுவானேன் என்று தன் கையையே நீட்டியிருந்தான். சிட்டுவின் தட்டில் இருந்தது சிட்டு இல்லை. அவனே.

செல்கள் வளரும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தான். நீளநீளமான செல்கள், நெருக்கியடித்துக்கொண்டு, ஒரே திசையில் படுத்திருந்தன. கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருந்தன. மூன்றாவது வாரத்திலிருந்தே இப்படித்தான். அதற்கு முன்னால் சிட்டுவின் செல்கள் நோஞ்சானாக, ஒன்று இரண்டாகப் பிரியவே நாலு நாள் எடுத்துக்கொள்ளும். திடீரென்று மளமளவென்று வளர ஆரம்பித்ததும் அவன் என்ன நினைத்தான்? மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தான். அக்காவைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு செல்லு குதிச்சுக்கிட்டு வளருதுக்கா" என்று சொன்னான். அக்கா போனிலேயே அழுதாள். வேறு யாருடைய செல் அப்படி வளர்ந்திருந்தாலும் அவன் சந்தேகப்பட்டிருப்பான். ஆசை இருக்கிறதே, அது படித்தவன் படிக்காதவன் பார்ப்பதில்லை, கண்ணைக் கட்டிவிடுகிறது.

பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவளுக்கு, தலையில் ஏற்றிவைத்த மூக்குக்கண்ணாடியை ஊரெல்லாம் தேடுவதால், கண்ணாடி என்று பெயர். மருந்து போடாத சிட்டுவின் செல்களைக் கவனித்துக்கொண்டது அவள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல், "உன் தட்டெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"எப்படி இருக்கும்? எல்லாம் செத்து ஒழிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நோட்டில எழுதியிருக்கேனே. அதுங்களுக்கு ஆயுசே அவ்வளவுதான். உன்னோடதுதான் மருந்து குடிச்சுட்டு ஜம்முனு இருக்கு" என்றாள்.

அவன் நோட்டைப் புரட்டினான். செல் வளர்க்கிற ஆய்வகத்தில் முதல் நாளே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. மெதுவாக வளருவதற்கு முதலில் தீனி போடு, வேகமாக வளருவதைக் கடைசியில் தொடு, தீனியான மீடியம் திரவத்துக்கு இரண்டுக்கும் ஒரே பாட்டிலை வைத்துக்கொள்ளாதே. பிப்பெட் நுனியில் ஒரே ஒரு செல் ஒட்டிக்கொண்டு பாட்டிலுக்குள் போனால் போதும். அடுத்த தட்டுக்குப் போய், இருப்பதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு அதுவே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் சிட்டுவுக்கு வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அந்த ஆறு நாளும் மதியம் இரண்டு மணிக்குப் பார்வை நேரம். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று அவன் எல்லாத் தட்டுக்கும் ஒரே பாட்டிலில் தீனி போட்டுவிட்டு ஓடினான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஆறு நாள். அவன் கையெழுத்திலேயே பாட்டில் எண் இருந்தது. ஆறு நாளும் ஒரே எண். தன் தட்டை முதலில், அவள் தட்டை அடுத்து. அன்றைக்கு அளந்தபோது வந்த பாதிப் புரதமும், அதற்குள் தட்டில் பாதியைப் பிடித்துவிட்ட அவன் செல்களுடையதுதான். அவளைப் பார்க்க ஓடிய ஓட்டத்தில் அவளையே தொலைத்திருக்கிறான்.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. உள்ளே அவனுடைய செல்கள் ஒரு கவலையும் இல்லாமல் பெருகிக்கொண்டிருந்தன. தன்னையே இவ்வளவு அருவருப்பாக அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்புறம்தான் நைட்ரஜன் டேங்க் நினைவுக்கு வந்தது. ஆரம்பத்தில், செல்கள் சுத்தமாக இருந்தபோது, மூன்று சின்னக் குப்பிகளில் உறையவைத்திருந்தார்கள். இரண்டு செலவாகிவிட்டன. ஒன்று இருக்க வேண்டும். தடிமனான கையுறையைப் போட்டுக்கொண்டு டேங்க் மூடியைத் திறந்தான். புகை மண்டியது. அடுக்கை மேலே இழுத்து, ஒவ்வொரு பெட்டியாகத் தேடினான். இருந்தது. சிட்டுவின் எண்ணும் தேதியும் எழுதிய ஒரே ஒரு குப்பி.

கணக்குப் போட்டான். இன்று உருக்கினால் நாளைக்குத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். நாளையே மருந்து. வியாழன் விடிவதற்குள் முடிவு வராதுதான். ஆனால் அதில் மருந்து வேலை செய்யும் என்று தெரிந்தால், ஊசியை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, ஒன்றுமே நடக்காததுபோல எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடலாம். சிட்டுவுக்கு ஒரு வாரம் இருக்கிறது. மாதக்கணக்கில்தான் இல்லை.

வெந்நீர்த் தொட்டியில் குப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐஸ் கரைந்தது. ஆமை என்று பெயர் வாங்கியவன் அன்றைக்கு அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. புதுப் பாட்டில், புதுப் பிப்பெட், வேறு ஒரு தட்டும் அருகில் இல்லை. ஒரு சொட்டு, ஒரு சொட்டாக மீடியத்தை விட்டான். தட்டை இன்குபேட்டரில் வைத்து மூடிவிட்டு, கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "பிழைச்சுக்கோடி செல்லம்" என்றான். கண்ணாடி திரும்பிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தபோது எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. உயிருள்ள செல் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கைகால் நீட்டும். செத்தது உருண்டையாக மேலே மிதக்கும். மீடியத்தை மாற்றினான். இன்னும் ஆறு மணி நேரம் கொடுத்தான். தட்டின் நாலு மூலையும், விளிம்பு முழுக்கவும், ஒரு கட்டம் விடாமல் பார்த்தான். ஒட்டியிருந்தது ஒன்றுகூட இல்லை. நோஞ்சான் செல்கள் உறைந்து உருகும் அடியைத் தாங்கவில்லை. இப்போது உலகத்தில் சிட்டுவின் செல்கள் சிட்டுவின் உடம்பில் மட்டும்தான் இருந்தன.

அன்று மாலை மேடம் கேட்டு அனுப்பியிருந்தார்: சான்று வந்துவிட்டதா, புதன் காலை பத்து மணிக்குள் கோப்பை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

அவனிடம் இன்னொரு சான்று இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், தோல் எடுத்த முதல் வாரத்தில் வாங்கியது. அதில் எல்லாம் சரியாக இருந்தது. பெண், சிட்டுவின் எண், பெற்றோரோடு ஒத்துப்போகும் அடையாளம். பொய்யான தாள் இல்லை, நிஜமான தாள். பழைய தேதி, அவ்வளவுதான். சம்பிரதாயத் தாளில் தேதியை யார் பார்க்கப் போகிறார்கள்? புதிய அறிக்கை வந்தது அவன் ஒருவனுக்கு மட்டும்தான்.

சிட்டுவை ஊசிக்காக முன்கூட்டியே சேர்த்திருந்தார்கள். அவன் போனபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். அக்கா பையில் எதையோ அடுக்கிக்கொண்டிருந்தாள், புது உடுப்பு, புது செருப்பு. நடக்காத பிள்ளைக்குச் செருப்பு வாங்கியிருக்கிறாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வா."

நடைபாதையில், தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். பாட்டிலைச் சொன்னான், ஆறு நாளைச் சொன்னான், மிதந்ததைச் சொன்னான், கையில் இருக்கும் பழைய சான்றைச் சொன்னான். அக்கா பள்ளிக்கூட வாத்தியார். இந்த மூன்று வருஷத்தில் செல்லைப் பற்றி அவனுக்குச் சமமாகப் படித்து வைத்திருந்தாள். குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அப்போ மருந்து வேலை செய்யாதுன்னு ஆயிடுச்சா?"

"அப்படியும் சொல்ல முடியாதுக்கா. வேலை செய்யலாம். செய்யாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது."

"போட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமப் போகலாம். சில பேருக்கு மூளையில நீர் கோத்துக்கும். பலன் இருக்குன்னு காட்டினதாலதான் அந்த ஆபத்துக்குக் குழு ஒத்துக்கிட்டாங்க."

அக்கா கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். "இது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்போ நீ என்கிட்ட சொல்லவே இல்ல."

"அக்கா..."

"சொல்லவே இல்லடா. அந்தப் பழைய காகிதத்தைக் கொடு." அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் நடுங்கவில்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. "நீ நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். மறுபடி தோல் எடுப்பாங்க, வளர்ப்பாங்க, நாலு மாசம், அஞ்சு மாசம். அதுக்குள்ள இவளுக்கு முழுங்குறது நின்னுடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. வேலை செய்யலாம்னு நீயே சொல்றே. அந்தச் 'செய்யலாம்' போதும் எனக்கு. நான் வேற என்ன வச்சிருக்கேன்?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பு இல்லை.

"உன் காலைப் பிடிக்கணுமா? சொல்லு, பிடிக்கிறேன்" என்று அக்கா குனிந்தேவிட்டாள். நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினான். "சரிக்கா, சரி, எழுந்திரு" என்றான். அதை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவனும் சம்மதம் என்றுதான் சொன்னான், அந்த நேரத்தில்.

புதன்கிழமை காலை பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. பழைய சான்றை மேடமுக்கான மின்னஞ்சலில் இணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு விரலை அசைத்தால் போதும். மருந்து பலித்துவிட்டால் அவன் தெய்வம். பலிக்காவிட்டால் நோய் முற்றிவிட்டது என்பார்கள், எவரும் தேடிப்பிடிக்கப் போவதில்லை. சிட்டுவுக்கு நீர் கோத்துக்கொண்டு தலைவலியில் துடித்தால்? அப்போது டாக்டர் அவனைத்தான் கேட்பார்: ஊசியை நிறுத்தலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா, செல்லில் எவ்வளவு பலன் தெரிந்தது? அவன் தன்னுடைய செல்லை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பொறுங்கள் என்று சொல்ல வேண்டும். அவள் துடிக்கத் துடிக்க அந்தப் பொய்யை ஒவ்வொரு ஊசிக்கும் மறுபடி சொல்ல வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் மின்னஞ்சலை அனுப்பாமலே அழித்தான். எழுந்து மேடம் அறைக்குப் போனான். புதிய அறிக்கையை அச்செடுத்து மேஜைமேல் வைத்தான்.

மேடம் மூன்றாவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். "இது யாரோட செல்?"

"என்னோடது மேடம்."

மேடம் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் உன்கிட்ட இந்த வேலையைக் கொடுத்திருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டார்.

ஊசி நின்றது. அத்தான் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "அவளைப் பாக்கத்தானேடா ஓடி வந்தே, வராமலே இருந்திருக்கக் கூடாதா?" அதற்கப்புறம் அவரும் எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை. ஆய்வகத்தில் தட்டுகளைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை. பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடி அவன் மேஜையில் காப்பி வைத்துவிட்டுப் போவாள், அது ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். ஒரு சொட்டில் முடிந்துபோன காரியத்தை நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மேடம் கூப்பிட்டார். குழந்தையை மறுபடி தோல் எடுக்கக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். இனிமேல் செல்லைக் கண்ணாடிதான் வளர்ப்பாள். தோலைப் போட்டு எடுத்து வரும் சோதனைக் குழாயை மட்டும் அவன் கொண்டுபோய் வாங்கி வர வேண்டும். "உங்க அக்கா அப்படித்தான் சொல்லிவிட்டாங்க. நீதான் வரணுமாம்" என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

சின்ன அறை. சிட்டு நாற்காலியில் இருந்தாள், சட்டைக் கை மேலே சுருட்டியிருந்தது. டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டு முடித்திருந்தார். அக்கா சுவரோரம் நின்றாள். பத்து நாளில் பத்து வயது கூடியிருந்தது. அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"ரெண்டாந்தடவை எதுக்குன்னு கேக்கறா. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

அவன் சிட்டுவின் முன்னால் மண்டியிட்டான். மீடியம் நிரப்பிய குழாய் கையில் இருந்தது. சிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள், அந்தச் சிரிப்பு பாதி முகத்துக்குத்தான் வந்தது. "மாமா" என்றாள். அதற்கே மூச்சு வாங்கினாள்.

"கண்ணு, போன தடவை உன்கிட்ட எடுத்தோம்ல, மாமா அதைப் பத்திரமா வச்சுக்கல. அவசரத்துல தொலைச்சுட்டேன். அதான் மறுபடியும் உனக்கு வலிக்குது. தப்பு மாமா பேர்லதான்."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ சொல்ல வாய் கோணியது. யாரும் அவசரப்படுத்தவில்லை. டாக்டர்கூடக் கருவியைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில், மடியில் கிடந்த மற்ற கையை, அது சொன்ன பேச்சுக் கேட்காது, தோளால் இழுத்து இழுத்து நாற்காலிப் பிடியின்மேல் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டு... எடுத்துக்கோ" என்றாள். "ஒண்ணு... தொலைஞ்சா..."

மீதி வரவில்லை. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அத்தனை நாளும் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து இன்னொரு குழாயை எடுத்து, மூடியைத் திறந்து, நீட்டிப் பிடித்தான்.